அப்படி யாரும் இங்கே இல்லை

தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் என் கை முதலில் அடுப்பைத்தான் அணைக்கிறது. பிறகுதான் வாசலுக்குப் போகிறேன். வீட்டில் ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் சத்தம் எதுவும் இருக்கக்கூடாது என்று பத்து வயதில் பழகியது அது.

அப்போது அல்சூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வக்கீல் மூலம் பதிவுத் தபால் அனுப்பத் தொடங்கினார். அம்மா வெளியே பூட்டைப் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்பாவும் நானும் உள்ளே இருப்போம். மண்ணெண்ணெய் அடுப்பின் இரைச்சல் தெருவரை கேட்கும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும். எனக்கு இருமல் வந்தால் துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொள்வேன். கதவின் அடியிலிருந்த இடைவெளியில் தபால்காரரின் செருப்பு தெரியும். அது வரும், நிற்கும், போகும். கதவு பூட்டியிருந்தது என்று எழுதித் தபால் திரும்பிப் போய்விடும்.

"காயிதம் தானா வந்து கடிக்காதும்மா. கையெழுத்துப் போட்டாத்தான் அதுக்கு உயிர் வரும்" என்பார் அப்பா. அப்படியே மூன்று வருடங்கள் அந்த வீட்டில் ஓட்டினோம். எங்கள் குடும்பத்தில் சட்டம் பற்றி எனக்குக் கற்பிக்கப்பட்டது இவ்வளவுதான்.

பிறகு நானும் அரசு வேலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சூப்பிரண்டெண்ட் வரை வந்து, நாற்பத்தெட்டில் விருப்ப ஓய்வு வாங்கினேன். கணவருக்குப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் வருவார். ஏரிக்குப் பின்புறச் சந்தில் சொந்த வீடு. ஒரே பெண். எம்.சி.ஏ. படித்து, கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து நின்றாள். கூடப் படித்த கன்னடப் பெண்ணும் அவளும் சேர்ந்து எங்கள் முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டுத் தொழில் தொடங்கினார்கள்.

தொழில் படம் வெட்டுவது. அமெரிக்காவில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் சரக்கைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு விற்கிறார்கள். விளக்கைப் படம் எடுத்தால் பின்னால் சுவர் வரும், நாய் வரும், யாருடைய காலாவது வரும். அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளைப் பின்னணியில் விளக்கை மட்டும் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். நாற்காலியின் பிரம்புப் பின்னலில் ஒவ்வொரு ஓட்டையாக என் பெண் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கண் வலிக்கும்.

வேலை கேட்டு அந்தக் கடைக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அப்படி விளம்பர மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. என் பெண் அதை முழுவதும் அச்செடுத்துப் படித்தாள். முக்கியமானவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து ஒரு தாளில் எழுதிப் பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தலைப்பில் பொய் சொல்லக்கூடாது. இது விளம்பரம் என்று தெரிய வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழி கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னவர்களுக்குப் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். அடியில் அனுப்புகிறவரின் உண்மையான தபால் விலாசம் இருக்க வேண்டும்.

தோழிக்கு முதல் விதியே பிடிக்கவில்லை.

"ஏய், 'உங்க போட்டோ விஷயமா'ன்னு தலைப்பு போட்டா எல்லாரும் தெறந்து பார்ப்பாங்க கணே" என்றாள். கணே என்றால் கன்னடத்தில் 'டீ'.

"அவங்க எப்ப நமக்குப் போட்டோ அனுப்பினாங்க? பொய்தானே அது."

"சின்னப் பொய்."

"சின்னப் பொய்க்குச் சின்ன ஜெயில் கட்டி வெச்சிருக்காங்களா? போடி."

கடைசி விதி எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம வீட்டு விலாசத்தையா போடப்போறே?"

"வேற எந்த விலாசம் இருக்கு நமக்கு? உண்மையான விலாசம் இருக்கணும்மா. யாரு அனுப்பறாங்க, எங்க இருக்காங்கன்னு தெரியணும்."

"தெரிஞ்சா தேடிக்கிட்டு வந்துருவாங்களே."

"அமெரிக்காலேருந்து அல்சூருக்கா? வரட்டும். நீ காபி போட்டுக் குடு."

அவள் சிரித்தாள். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தின் பெயரும் கதவு எண்ணும் போட்டு, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு எங்கள் வீட்டு வாசலை என் பெண் தினமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வேண்டாம் என்று வரும் பதில்களைத் திறந்து, அந்த மின்னஞ்சல் முகவரிகளை ஒரு பட்டியலில் ஏற்ற வேண்டும். வேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் பேடா. அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பேடா லிஸ்ட். காலையில் தோழி செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டி, பேடா லிஸ்ட் ஆய்தா?" என்று, அது முடிந்ததா எனக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். அந்தப் பட்டியலில் இருப்பவர்களை நீக்காமல் அன்றைக்கு ஒரு மின்னஞ்சல்கூட வெளியே போகக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. ஒரு நாளும் நான் பாக்கி வைத்ததில்லை. சிலர் கெட்ட வார்த்தையோடு எழுதியிருப்பார்கள். அந்த வார்த்தைகளை விட்டுவிட்டு முகவரியை மட்டும் பிசகில்லாமல் ஏற்றுவேன். இருபத்தைந்து வருடம் டைப் அடித்த கை. மின்னஞ்சலைக் கண்டு எனக்குப் பயமே வரவில்லை. அது கையெழுத்துக் கேட்கவில்லை.

அடுத்த ஜனவரியில் என் பெண் அமெரிக்கா போக வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் கூடும் பெரிய சந்தை ஒன்று அங்கே நடக்கும், அதில் நேரில் நாலு பேரைப் பார்த்தால் வருடம் முழுவதற்கும் வேலை கிடைக்கும் என்றாள். விசா, டிக்கெட் என்று வீட்டில் அதே பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் முதல் கடிதம் வந்தது.

செப்டம்பர் மாதம், சாதாரணத் தபால். உறையில் என் பெண்ணின் பெயர் டைப் அடித்திருந்தது. அமெரிக்கத் தபால்தலை. அவளும் தோழியும் உள்ளே வேலையில் இருந்தார்கள். நான் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன்.

மூன்று பத்திகள். சட்டத்தின் பெயர், பிரிவு எண்கள். மீறினால் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனித்தனியாக அபராதம் விதிக்க இடமுண்டு என்று ஒரு வரி. அரசாங்கத்திடம் புகார் செய்யத் தயங்கமாட்டேன் என்று இன்னொரு வரி. என் பெண்ணின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. அந்த இரண்டு இடத்தையும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. அதை நீக்கச் சொல்லித்தான் அந்த மனிதர் எழுதியிருந்தார். பழைய விளக்குகள் விற்கும் ஒரு கடைக்காரர், அவ்வளவுதான். தினமும் நூறு முகவரியை ஏற்றுகிற எனக்கு அந்த ஒரு முகவரி கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்காவில் ஒரு விமான நிலையம், அங்கே ஒரு மேசை, மேசையில் என் பெண்ணின் பெயர் எழுதிய ஒரு தாள்.

"யாரும்மா, தபாலா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"கரண்ட் பில்லு."

கடிதத்தைத் தையல் மெஷினின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் வைத்தேன். கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே பெண்ணிடம் சொல்லுவார். பெண் பதில் எழுதுவாள். பதில் எழுதினால் அந்தத் தபால் வந்து சேர்ந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் கணக்கு அப்படித்தான் ஓடியது.

அதற்குப் பிறகு நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. சந்தில் ஜீப் வந்து நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பேன். முன்னறையில் அவர்கள் 'அனுப்பு' பொத்தானை அழுத்தும்போது எத்தனை போகிறது என்று எண்ணுவேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அபராதம். ஒரு நாள் மட்டும், "கொஞ்ச நாளைக்கு மெயில் அனுப்பாம இருந்தா என்ன?" என்று கேட்டேன். "கொஞ்ச நாளைக்குச் சாப்பிடாம இருந்தா என்ன?" என்றாள் அவள்.

தசராவுக்கு முந்தின வாரம் இரண்டாவது தபால் வந்தது. இந்த முறை பதிவுத் தபால்.

எங்கள் தபால்காரர் நடு வயதுக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பல வருடப் பழக்கம்.

"அம்மாவ்ரே, ஊட்டா ஆய்தா, சாப்பிட்டாச்சா? உங்க மகளுக்கு ரிஜிஸ்டர் பந்திதே. கூப்பிடுங்க, ஒரு சைன் போடட்டும்."

அவர் கையில் அதே அமெரிக்கத் தபால்தலையைப் பார்த்தேன். உள்ளே என் பெண் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலிருந்து இறங்கி, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டேன்.

"கதவு பூட்டியிருக்குன்னு எழுதிடுங்க" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னு பேசறீங்க."

"தயவு பண்ணுங்க."

"டோர் லாக்னு எழுதினா ஏழு நாளு இத வெச்சுக்கிட்டு நானு திரும்பத் திரும்ப வரணும். பேடாம்மா, வாங்கிக்குங்க. மகளுக்கு ஏதோ நல்ல விஷயமா இருக்கும்."

ஏழு நாள். அதில் ஒரு நாள் அவளே கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? இன்றைக்கே, இப்போதே அது போய்விட வேண்டும். அந்த அவசரத்தில்தான் என் வாயிலிருந்து அது வந்தது.

"அப்படி யாரும் இங்கே இல்லைன்னு எழுதிடுங்க."

"உங்க வாயாலயே சொல்றீங்க" என்றார். பிறகு உறையைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, பேனாவை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதினார். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர் சந்து முனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். பத்து வயதில் செருப்புத் திரும்பிப் போவதைப் பார்த்தபோது வந்த அதே நிம்மதி வந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. காலையில் நான் பேடா லிஸ்ட்டை முடித்துவிட்டு எழுந்தேன். என் பெண் உட்கார்ந்து அன்றைய மின்னஞ்சல்களை அனுப்பப் பார்த்தாள். போகவில்லை. மறுபடியும் பார்த்தாள். இவர்கள் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் மூலமாகத்தான் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனம் கணக்கை நிறுத்திவிட்டது. காரணமும் எழுதியிருந்தது. தோழி அதை உரக்கப் படித்தாள். விளம்பர மின்னஞ்சலின் அடியில் பொய்யான தபால் விலாசம் கொடுத்திருப்பதாகவும், நீக்கச் சொல்லித் தபாலில் கேட்டும் நீக்கவில்லை என்றும் புகார் வந்திருக்கிறது.

"பொய் விலாசமா? இதே ரூம்ல உக்காந்துக்கிட்டு?" என்று தோழி சிரித்தாள். "அவனுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."

"ஏதோ படம் சேர்த்திருக்காங்க பாரு" என்றாள் என் பெண்.

படம் மெதுவாக மேலிருந்து கீழே திறந்தது. அப்போதைய இணைப்பு அப்படித்தான். முதலில் தபால்தலை வந்தது. பிறகு அவள் பெயர். பிறகு எங்கள் கதவு எண், சந்து, அல்சூர். அதற்குக் குறுக்கே, சைக்கிள் சீட்டின்மேல் வைத்து எழுதியதால் கோணிப்போன எழுத்தில், அப்படி யாரும் இந்த விலாசத்தில் இல்லை.

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கேட்கவே இல்லை. தையல் மெஷின் டிராயரைத் திறந்து, பாபின்களை ஒதுக்கி, முதல் கடிதத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள். அடியிலிருந்த சின்ன எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இவரு மெயிலுக்குப் பதில் போட மாட்டாராம்மா. போட்டா, இது உயிரோட இருக்கற மெயில் விலாசம்னு தெரிஞ்சுக்கிட்டு இன்னும் அனுப்புவாங்கன்னு பயம். அதான் தபால்ல எழுதியிருக்காரு. இத எடுத்துருங்கன்னு. வேற ஒண்ணும் இல்ல."

"ஜெயில்னு..."

"இல்லம்மா. எடுத்திருந்தா முடிஞ்சு போச்சு."

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்..."

"தெரியும்."

அவள் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். தோழிதான் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த விளக்குக் கடைக்காரரும் என்னைப் போலப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வேறொன்றுதான் உறைத்தது. நான் பயந்த எதுவும் அதுவரை நடக்கவே இல்லை. நடக்க வேண்டிய வழியை நான்தான் திறந்துவிட்டிருந்தேன். இரண்டு கடிதத்துக்குப் பிறகும் அவருக்கு எங்கள் விளம்பரம் வாராவாரம் போயிருக்கிறது. பத்து வேலை நாள் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்து, அவர் முகவரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் சென்னையில் விசா நேர்காணல். பொய் விலாசக்காரி என்ற புகார் இப்போது நிஜமாகவே அவள் பெயரில் இருந்தது.

மாலை வீட்டுக்கு வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வாடகை வீட்டை விட்டு நீ இன்னும் காலி பண்ணலடி" என்றார்.

நிறுவனம் இரண்டு கேட்டது. விலாசத்துக்கு அத்தாட்சி, தபால் ஏன் திரும்பியது என்பதற்கு விளக்கம். மின்சாரக் கட்டண ரசீதும் வீட்டு வரி ரசீதும் இருந்தன. விளக்கத்தை யார் எழுதுவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் தவறாக எழுதிவிட்டார் என்று எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் தோழி. அப்படி எழுதினால் அவருக்கு வேலை போய்விடும்.

"நானே பிரமாணப் பத்திரம் எழுதித் தரேன்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முத்திரைத் தாளில், நோட்டரி முன்னால், என் கையெழுத்து. என் அப்பா கேட்டிருந்தால் எழுந்து போய்க் கதவைப் பூட்டியிருப்பார்.

மறுநாள் கோர்ட்டு வளாகத்துக்குப் போனோம். மரத்தடியில் டைப்ரைட்டர்கள் வரிசையாக இருந்தன. நோட்டரி வயதான தமிழர். நான் சொல்லச் சொல்ல அவருடைய டைப்பிஸ்ட் அடித்தார். கடைசியில் நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"என் பொண்ணுதான் சார்."

"இவங்க வீட்ல இருக்கும்போதே இல்லைன்னு சொல்லிட்டீங்க."

"ஆமா சார்."

"முப்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். இல்லாத பிள்ளைய இருக்குன்னு சொல்லி எழுதிக்க நிறையப் பேர் வந்திருக்காங்க. இருக்கற பிள்ளைய இல்லைன்னு சொல்லிட்டு வந்த மொத ஆளு நீங்கதாம்மா."

டைப்பிஸ்ட் சிரித்தார். என் பெண்ணும் சிரித்துவிட்டாள், இரண்டு நாளில் முதல் தடவையாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் இடத்தில் டைப்பிஸ்ட் எழுத்தை விட்டுவிட்டிருந்தார். அதைக் காட்டித் திருத்தச் சொன்னேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். அன்றே ஒரு பிரதி அந்த நிறுவனத்துக்கும் இன்னொரு பிரதி விளக்குக் கடைக்காரருக்கும் தபாலில் போயின. அவருக்கு என் பெண் தனியாக ஒரு கடிதமும் எழுதினாள். உங்கள் முகவரியை நீக்கிவிட்டோம், மன்னியுங்கள், இந்த வீடு உண்மையான வீடு. விலாசத்தைப் பேனாவால் பெரிதாக எழுதினாள்.

பதினெட்டு நாள் முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டரும் சும்மா இருந்தன. பதினெட்டாம் நாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள், இன்னொரு புகார் வந்தால் நிரந்தரமாக மூடுவோம் என்ற எச்சரிக்கையோடு.

அன்று மாலையே அவள் சொன்னாள். "ஆபீஸை இந்திராநகர் பக்கம் ஒரு ரூமுக்கு மாத்தறோம்மா. பேசிட்டேன்."

"என் மேல கோவமா?"

"கோவம் இல்ல. அடியில ஒரு விலாசம் போட்டா அங்க இருக்கறவங்க கதவத் தெறக்கணும். அவ்ளோதான்."

மேசைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளையார் காலண்டர் மட்டும் முன்னறையில் நின்றது. தாள் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

விசா கிடைத்தது. மின்னஞ்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜனவரியில் அவள் புறப்பட்டாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட அந்த மேசையும் அந்தத் தாளும்தான் எனக்குத் தெரிந்தன. மறுநாள் தொலைபேசியில் அவள் குரல் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எதுக்கு வந்தேன்னு கேட்டாங்க. போட்டோ வெட்டறதுக்குன்னேன். போன்னு விட்டுட்டாங்க" என்றாள்.

அதற்கு நான்காம் நாள் சைக்கிள் மணி அடித்தது. அடுப்பை அணைத்தேன். சன்னல் வழியே பார்த்தேன். தபால்காரரின் கையில் நீளமான உறை, அமெரிக்கத் தபால்தலை. பதிவுத் தபால்.

அவள் அந்த நாட்டில் இருக்கிறாள், அந்த நாட்டிலிருந்து அவள் பெயருக்குத் தபால் வந்திருக்கிறது. புகார் அவளைப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது. நான் இருப்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவர் போய்விடுவார். உண்மையிலேயே அவள் அன்றைக்கு அந்த விலாசத்தில் இல்லை.

அவர் இன்னொரு முறை மணி அடித்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"மகளுக்கு ரிஜிஸ்டர்" என்றார். பிறகு பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன எழுதட்டும்? அப்படி யாரும் இல்லைன்னா?"

அவர் குரலில் கேலி இருந்தது. கோபமும் கொஞ்சம் இருந்தது. இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

"இருக்கா. ஊருக்குப் போயிருக்கா. நான் அவ அம்மா. நான் சைன் பண்றேன்."

"மகளுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லியா அம்மாவ்ரே?"

"தெரியலப்பா" என்றேன். காகிதத்தை அவர் சைக்கிள் சீட்டின்மேல் வைத்துக் காட்டினார். அதே சீட்டு. என் கையெழுத்தும் கோணிக்கொண்டு போயிற்று.

உறையைப் பிரிக்கவில்லை. தபால் எது வந்தாலும் அன்றே ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்று புறப்படும்முன் அவள் சொல்லியிருந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து இந்திராநகர் அறைக்குப் போனேன். வழி முழுக்க உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். தோழி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

"நீயே பிரிம்மா" என்றேன்.

பிரித்தாள். படித்தாள். அவள் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை.

"விளக்குக் கடைக்காரர் ஆன்ட்டி. உங்க பத்திரம் கிடைச்சுதாம். அவரு முகவரிக்கு இப்ப மெயில் வரலியாம். ஆனா அவரு தம்பிக்கு வேற ஊர்ல இன்னொரு கடை இருக்காம். அந்த முகவரிக்கு இன்னும் வருதாம். அதையும் எடுக்கணுமாம்." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அஷ்டே."

அவ்வளவுதான். பத்து வேலை நாள் கணக்கு அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கியிருந்தது. தோழி கம்ப்யூட்டரைத் திறந்து நாற்காலியை எனக்காகத் தள்ளினாள். அந்த அறைக்கு அன்றுதான் முதல் தடவை போயிருந்தேன். சுவரில் அதே தாள் ஒட்டியிருந்தது. பட்டியலைத் திறந்து தம்பியின் முகவரியை ஏற்றினேன். ஒவ்வோர் எழுத்தையும் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு தோழியை ஒரு முறை பார்க்கச் சொன்னேன். பிறகு மறுபடி நான் பார்த்தேன்.

மாலையில் அங்கிருந்து என் பெண் பேசினாள். தோழி அதற்குள் அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"நீயே சைன் போட்டியாமே."

"ஆமா."

"பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு" என்றேன். "அந்தத் தம்பி முகவரியில நடுவுல ஒரு புள்ளி இருக்கு. விட்டுட்டேனோன்னு இருக்கு. நாளைக்குக் காலையில போய் இன்னொரு தடவை பார்த்துடறேன்."

"பாரும்மா" என்றாள். "ரூம் சாவி கீழ்வீட்ல இருக்கும்."